கல்லெடுத்த கைகளும் கேள்வி கேட்ட வாயும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

     

இன்று எடுத்துக்கொண்ட பொருள் கண்மூடி வழக்கம். இதனைப் பெரியார் பேசினார். அவருக்கு முன்னே வடலூர் வள்ளலார் பாடினார். அவருக்கும் முன்னே சித்தர்கள் இடித்துரைத்தனர். அங்ஙனமிருக்க மீண்டும் பேசுவது ஏன் என்று கேட்கலாம். கண்மூடி வழக்கம் மாந்தனை என்ன செய்யும் என்பதைச் சொற்பொழிவாளர் கூறினால் காது கேட்கும். கதையாசிரியர் கூறினால் நெஞ்சு நடுங்கும். இனிக்க இனிக்கச் சொல்லும் கதைகள் பல. படித்தபின் உறக்கத்தைக் கெடுக்கும் கதைகள் சில. அச் சிலவற்றையே இன்று ஆராய்தல் வேண்டும். நோயைக் காட்டுபவன் பகைவனல்லன்; மருத்துவனே.

ஒரு சிற்றூரின் குலுக்கல்

அமெரிக்க நாட்டில் செர்லி சாக்சன் என்னும் அம்மையார் எழுதிய சிறுகதையொன்று 1948ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாளிட்ட நியூயார்க்கர் இதழில் வெளிவந்தது. குலுக்கல் என்பதே அதன் பெயர். முந்நூறு பேர் வாழும் சிற்றூர். வெயில் காயும் கோடைக்காலை. பள்ளி விடுமுறை. சிறுவர்கள் கூழாங்கற்களைப் பொறுக்கிக் குவிக்கின்றனர். ஆடவர் உழவும் மழையும் வரியும் பேசுகின்றனர். பெண்டிர் அடுப்பங்கரை வேலையை விட்டுவிட்டு வந்து கூடுகின்றனர். திருவிழாத் தொடக்கம்போல் எல்லாம் இனிமையாகவே உள்ளது.

நடுவில் ஒரு கரும்பெட்டி. பழமையால் நிறம் மங்கிப் பிளந்து கிடக்கின்றது. முதற்பெட்டி எப்போதோ தொலைந்துவிட்டது. புதுப்பெட்டி செய்யலாம் என்று ஆண்டுதோறும் பேசுகின்றனர், செய்வதில்லை. முன்பு ஓதிவந்த ஓதலும் மறந்துபோயிற்று. சடங்கின் பெரும்பகுதியும் தேய்ந்துபோயிற்று. மரத்துண்டுக்கு மாற்றாகத் தாள் நறுக்கு வந்துவிட்டது. குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டெடுக்கின்றனர். ஒரு குடும்பத்துக்கு விழுகின்றது. பின் அக் குடும்பத்தார் ஐவரும், சின்னஞ்சிறு மகன் உட்பட, தனித்தனியே எடுக்கின்றனர். கரும்புள்ளியிட்ட தாள் தாயின் கையில் இருக்கின்றது. ஊரார் கல்லெடுக்கின்றனர். அச் சிறுமகன் கையிலும் யாரோ சில கற்களைத் திணிக்கின்றனர். கதை முடிகின்றது.

ஏன் கொன்றனர் என்று கதையில் யாரும் சொல்வதில்லை. விளைச்சல் பெருகும் என்னும் பழமொழியொன்றின் நிழல் மட்டும் எஞ்சியுள்ளது. பெட்டியை மறந்தனர், ஓதலை மறந்தனர், கரணியத்தை மறந்தனர், கல்லை மட்டும் மறக்கவில்லை. வழக்கத்தின் உயிர் நீங்கிய பின்னும் அதன் பல் மட்டும் விழாமலிருப்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

இக் கதையைப் படித்தோர் அவ் வம்மையாருக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட மடல்கள் எழுதினர். பலர் சினந்தனர், பலர் குழம்பினர். இத்தகைய குலுக்கல் எவ்வூரில் நடக்கின்றது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவரும் உளர். கதையை விடக் கொடுமையானது அக் கேள்வியே.

கல்லெடுத்தவர் கொடியவரோ?

இக் கதையில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. கல்லெடுத்தவர் அனைவரும் அண்டை வீட்டார். சற்றுமுன் அத் தாயோடு சிரித்துப் பேசியவரே பெரிய கல்லைத் தூக்குகின்றனர். வேறு ஊர்களில் குலுக்கலைக் கைவிடுகின்றனராம் என்று ஒருவர் மெல்லச் சொல்ல, எழுபத்தேழு முறை குலுக்கலில் நின்ற கிழவர் அவ்வூராரை மடையர் என்று ஏசுகின்றார். நெடுநாள் நடந்தது என்பதொன்றே அவருக்குப் போதிய சான்று.

மற்றொன்றும் நுணுகிக் காணத்தக்கது. இறந்துபடும் அத் தாயும் அவ் வழக்கத்தை எதிர்த்தவளல்லள். வேலை மிகுதியால் பிந்தி வந்தவள் நகையாடிக்கொண்டே கூட்டத்தில் புகுந்தாள். சீட்டுத் தன் குடும்பத்துக்கு விழுந்தபின்தான் முறையன்று என்று கூவினாள். அப்போதும் அவள் வழக்கத்தை நிறுத்துக என்று கேட்கவில்லை; மணமாகிப் போன மகளையும் சேர்த்துச் சீட்டெடுக்கவேண்டும் என்றாள். தன்மேல் விழும் வாய்ப்பைக் குறைக்க மகளை இழுக்கும் அளவிற்குத் தாயன்பையும் திரித்துவிடுகின்றது கண்மூடி வழக்கம். அடுத்தவன் தலையில் கல் விழும்வரை வாளாவிருந்தவன், தன் தலையில் விழும்போது கூவினால் கேட்பார் யாருளர்?

இஃது ஏதோ அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டா. கொங்குநாட்டு எழுத்தாளர் பெருமாள் முருகன் எழுதி 2013இல் வெளிவந்த பூக்குழி என்னும் புதினத்தைப் படித்தவர் அறிவர். வேற்றுச் சாதிப் பெண்ணை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகின்றான் ஓர் இளைஞன். அவள் என்ன சாதி என்பதொன்றே ஊராரின் கேள்வி. ஈற்றில் அவள் ஒளிந்திருக்கும் முட்புதரைச் சுற்றி வளைத்துத் தீமூட்டுகின்றனர். அக் கூட்டத்தில் மாமியாரும் உண்டு. அங்கே கல், இங்கே தீ. வேறுபாடு அவ்வளவே.

அதுவும் கதைதானே என்பார்க்கு நாட்டு நடப்பே மறுமொழி. 2003ஆம் ஆண்டில் விருத்தாசலம் அருகே, சாதி கடந்து மணந்த இளம் இணையர் இருவர்க்கும் நஞ்சூட்டி எரித்தனர். உறவினரே அதனைச் செய்தனர். கடலூர் அறமன்றத்தின் தீர்ப்பு வர 2021ஆம் ஆண்டாயிற்று. மணவிருப்பில் தலையிடச் சாதிக் கூட்டத்திற்கோ ஊர்க் கூட்டத்திற்கோ உரிமையில்லை என்று இந்திய உச்ச அறமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்த்துரைத்தது. தீர்ப்பு ஏட்டில் உள்ளது. கல் இன்னும் பலர் கையில் உள்ளது.

கடிஞையில் விழுந்த கல்

வழக்கத்தை எதிர்த்துக் கேட்பது மேலைநாட்டாரிடம் கற்ற பழக்கம் என்று சிலர் உரைப்பர். அவர் மணிமேகலையைப் படியாதவர். சாத்தனார் காட்டும் ஆபுத்திரனை அறியாதவர்.

பெற்றவளால் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஆவின் பாலால் உயிர்பிழைத்து, இளம்பூதி என்னும் பார்ப்பனன் வளர்க்க வளர்ந்து, மறைநூல் அனைத்தும் கற்றவன் ஆபுத்திரன். ஒருநாள் வேள்விச் சாலையில், கொம்பில் மாலை சூட்டிய ஆ ஒன்று கொலைக்கு நின்று நடுங்குவதைக் கண்டான். நள்ளிரவில் அதனை அவிழ்த்துக் கொண்டு போனான். ஊரார் வளைத்துப் பிடித்துக் கோலால் அடித்தனர். அப்போதும் அவன் கேட்ட கேள்வி ஒன்றே: புல்லை மேய்ந்து பாலை ஊட்டும் இவ்வுயிர் உங்கட்குச் செய்த பிழை யாது? அக் கேள்விக்கு விடை வரவில்லை. மறையின் பொருள் உனக்குத் தெரியாது, நீ ஆவின் மகன் என்னும் பழிப்பே வந்தது. ஆவிற்கும் மானிற்கும் நரிக்கும் பிறந்தோராக அவர்தம் நூல்களே கூறும் முனிவர்களை வரிசையாக எடுத்துக்காட்டி அவர் வாயை அடைத்தான் ஆபுத்திரன். மரபை அறியாதவன் கேட்ட கேள்வியன்று அது. மரபை அவர்களினும் நன்கு கற்றவன் கேட்ட கேள்வி.

ஒறுப்பு என்ன? வளர்த்த தந்தையும் கைவிட்டான். அவன் ஐயமேற்ற ஊர்தோறும் ஆவைக் கவர்ந்த கள்வன் என்று சொல்லி அவன் கடிஞையில் கல்லை இட்டனர். சோறு கேட்டவன் ஓட்டில் கல்! அமெரிக்க அம்மையார் எழுதுவதற்கு ஆயிரம் ஆண்டுகட்கும் மேலாக முன்னரே, கேள்வி கேட்டவனுக்குக் கண்மூடி ஊர் தரும் கூலி கல்லே என்பதைத் தமிழ்க்காப்பியம் காட்டிவிட்டது.

ஆயினும் சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. கல் விழுந்த அக் கைகளிலேயே, தென்மதுரையில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வந்து சேர்ந்தது. அக் கலமே பின்னர் மணிமேகலை கைப்பட்டுப் பசியால் வாடிய கச்சிமாநகர் மக்கட்குச் சோறிட்டது. கேள்வி கேட்டவனின் கலத்தில் உண்டு உயிர்பிழைத்த ஊர் இக் காஞ்சி என்பதைப் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் மறத்தலாகாது.

மரத்தின்மேல் பேய்

அதே காப்பியத்தில் மற்றொரு செய்தி. வஞ்சிமாநகரில் அளவைவாதி ஒருவன் உண்மையை அறியும் வழிகள் பத்து என்று மணிமேகலைக்கு அடுக்குகின்றான். அவற்றுள் ஒன்று, உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதை அப்படியே கொள்ளுதல். அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டுத்தான் வியப்பிற்குரியது: இம் மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதைத் தெளிந்து கொள்ளுதல்! வழிவழிச் செய்தி என்னும் அளவைக்குச் சாத்தனார் தேர்ந்த எடுத்துக்காட்டு பேயாகவே அமைந்தது.

பின்னர்க் காஞ்சிக்கு வந்தபின், அறவண அடிகள் அவட்கு உரைப்பது வேறு. அளவைகள் இரண்டே, ஒன்று காட்சி, மற்றொன்று கருத்தளவை. கண்டு தெளி, கண்டதினின்று எண்ணித் தெளி. ஊர் சொல்லிற்று என்பது அங்கே தனி அளவையாக நிற்கவில்லை.

இக் காஞ்சியிலேயே நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா, இவ்வூரிலிருந்தே 1942 முதல் திராவிட நாடு இதழை நடத்தினார். அவர் எழுதிய இரங்கோன் இராதா என்னும் புதினம் அம் மரத்துப் பேயை மறுபடியும் காட்டுகின்றது. பொருட்பேராசை பிடித்த கணவன் ஒருவன், மனைவியின் தங்கையையும் மணந்து செல்வத்தைச் சுருட்ட எண்ணுகின்றான். அதற்கு அவன் கையாண்ட கருவி கத்தியன்று. ஊராரின் பேய் நம்பிக்கை. மனைவிக்குப் பேய் பிடித்தது என்றான், ஊர் நம்பிற்று. பேயோட்டுவோன் வந்தான். நல்லறிவுள்ள ஒரு பெண் தன் வீட்டிலேயே பித்தியாக்கப்பட்டாள். 1956இல் இக் கதை திரைப்படமாகவும் வந்தது.

இதனால் விளங்குவது யாது? கண்மூடி வழக்கம் தானாகவும் கொல்லும். தன்னலக்காரன் கைக்கருவியாகியும் கொல்லும். கேள்வி கேளாத ஊர், வஞ்சகனுக்குப் பூட்டில்லாத வீடு.

மீண்டும் கல்லானவள்

புதுமைப்பித்தன் நடை தனித்தமிழ் நடையன்று. எனினும் கருத்தின் வலிமை கருதி அவருடைய சாபவிமோசனம் என்னும் கதையை இங்கே எண்ணிப்பார்த்தல் தகும். இராமன் கால்துகளால் உயிர்பெற்ற அகலிகை, பின்னர்ச் சீதையைச் சந்திக்கின்றாள். தன்னை மீட்ட அதே இராமன் சீதையைத் தீயில் இறங்கப் பணித்தான் என்று கேட்கின்றாள். ஊருக்கு மெய்ப்பிக்கவே அது வேண்டியிருந்ததாம். அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். ஊர் என்ன சொல்லும் என்னும் ஒரு சொற்றொடர், அறத்தின் உருவென்று போற்றப்பெற்றவனையே அடிபணிய வைத்தது. இக்கால வீடுகளில் எத்தனை பெண்கள் இச் சொற்றொடரால் வாய்பேசாக் கல்லாகி அடுப்பங்கரையில் நிற்கின்றனர் என்பதை அவரவர் வீட்டில் அவரவர் எண்ணிக்கொள்க.

கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் ஒருகால் மரபென்றே போற்றப்பட்டது. அவ் வழக்கின் கொடுமையை உள்ளிருந்தே கண்ட மூவலூர் இராமாமிருதம் அம்மையார் 1936இல் தாசிகள் மோசவலை என்னும் புதினத்தை எழுதினார். மருத்துவர் முத்துலக்குமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் அவ் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. எந்தக் கோபுரமும் சாயவில்லை.

உத்தரமேரூர்க் கல்

அங்ஙனமாயின் பழமை அனைத்தையும் எரித்துவிடல் வேண்டுமோ? வேண்டா. மரபு வேறு, கண்மூடி வழக்கம் வேறு. இதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டுவதில்லை. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள உத்தரமேரூருக்குப் போனாற் போதும்.

அங்கும் ஒரு குலுக்கல் நடந்தது. குடவோலை என்பது அதன் பெயர். முப்பது குடும்புகளிலிருந்தும் தக்கோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அதன் நெறிமுறைகளைக் கூறும். தகுதி இது, தகாமை இது, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்றலாகாது என்று ஒவ்வொன்றும் பலரறியப் பொறிக்கப்பட்டுள்ளது. 919ஆம் ஆண்டளவில் ஒரு கல்வெட்டு. 921ஆம் ஆண்டளவில் மற்றொன்று. பின்னது முன்னதைத் திருத்துகின்றது. இரண்டே ஆண்டில் தன் குறையைக் கண்டு தன்னைத் திருத்திக்கொண்டது அவ் வழக்கம்.

அதிலும் குறையுண்டு. நிலமும் மறைக்கல்வியும் உடைய பார்ப்பனர் அவை அது. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அக் குடத்தில் ஓலை இல்லை. உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழ்த்தொண்டாகாது. ஆயினும் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க. அமெரிக்கக் கதையிலும் குலுக்கல், உத்தரமேரூரிலும் குலுக்கல். அங்கும் சிறுவன், இங்கும் சிறுவன். அங்கே கரணியம் மறந்து கல் எஞ்சியது. இங்கே கரணியம் கல்லிலேயே எழுதப்பட்டது. ஏன் என்று கேட்டால் விடைசொல்வது மரபு. ஏன் என்று கேட்டால் அடிப்பது கண்மூடி வழக்கம். இவ்வொரு கட்டளைக்கல்லில் எதனையும் உரைத்துப் பார்க்கலாம்.

தறியின் மறுபுறம் அமர்ந்த பிள்ளை

நெசவாளர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி, அறுந்த இழை எது, சிக்கிய இழை எது என்று பார்த்துப் பார்த்து முடிபவர் அவர். பாட்டன் பாவோடியது என்பதற்காக அறுந்த இழையை அப்படியே தறியில் ஏற்றுவார் இல்லை. உடலும் கரையும் வேறுவேறு நிறமாக நெய்து கோர்வையில் பிணைக்கும் அருங்கலை இவ்வூரின் மரபு. அது காக்கப்படல் வேண்டும்.

ஆனால் அக் கோர்வைத் தறிக்கு மறுபுறத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிந்து கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். பன்னெடுங்காலம் அத் துணையாள் யார்? எட்டு அகவையும் பத்து அகவையும் ஆன பிள்ளை! பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகத் தறியடியில் அமர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கேட்டால் என்ன சொன்னார்கள்? சிறுவிரலுக்கே இவ்வேலை வரும், இது குலத்தொழில், வழிவழி வந்தது என்றார்கள். கோர்வை மரபு, பிள்ளையைக் கட்டிப்போட்டது கண்மூடி வழக்கம். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக் காட்டியதே சூழ்ச்சி.

1953இல் இராசாசி அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்கு நாளில் ஒரு பகுதியே பள்ளி, எஞ்சிய பொழுது பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்து எழுந்தது. 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டார். கொத்தடிமையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்தது. சிறுவர் உழைப்பைத் தடுக்க 1986இல் சட்டம் வந்தது. அச் சட்டத்தை 2016இல் திருத்திப் பதினான்கு அகவைக்குட்பட்டார் எவரையும் வேலைக்கு வைத்தலாகாது என்றனர். நன்று. ஆனால் அதே திருத்தத்தில், பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று ஒரு சாளரத்தையும் திறந்து வைத்தனர். வாயிலில் விரட்டிய குலக்கல்வி சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கின்றது! அச் சாளரத்தை அடைப்பது அரசின் கடமை மட்டுமன்று; ஒவ்வொரு தறிவீட்டின் கடமை. நெசவு கற்க விரும்பும் பிள்ளை கற்கட்டும். பள்ளியை முடித்து, அகவை நிரம்பி, கூலி பெற்றுக் கற்கட்டும். கலையும் வாழும், பிள்ளையும் வாழும்.

தமிழியக்கத்தார்க்கு ஒரு சொல்

தனித்தமிழ் இயக்கம் பழமை போற்றும் இயக்கம் என்று அறியாதார் கூறுவர். மறைமலையடிகள் 1916இல் இதனைத் தொடங்கியபோது வடசொல் கலந்த நடையே கற்றோர் வழக்காயிருந்தது. அதனை எதிர்த்தவர்மேல் ஏச்சு விழுந்தது. ஏன் கலக்கவேண்டும் என்று அடிகள் கேட்டார். அந்த ஏன் என்னும் சொல்லிலிருந்தே இவ்வியக்கம் பிறந்தது. பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமல்ல என்று இலக்கணம் வகுத்த பவணந்தியாரே வழிவிட்டிருக்கின்றார். சொன்னவர் யார் என்று பாராமல் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்றார் வள்ளுவர்.

ஆகவே தூய தமிழில் அழைப்பிதழ் அச்சிட்டு, உள்ளே சாதி பார்த்துப் பெண்ணெடுப்பவன் தனித்தமிழன் ஆகான். தமிழில் வாழ்த்துப்பாடி, பின்வாயிலில் நகையும் பணமும் எண்ணி வாங்குபவனும் ஆகான். பொருள் தெரியாத ஓதலுக்கு முன் கைகட்டி நிற்றல் இழுக்கென்று 1967இல் அண்ணா அரசு தன்மதிப்புத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்கியது. அச் சட்டத்தை வாங்கித் தந்த ஊர்க்காரர்கள், ஓதலை மட்டும் மாற்றிவிட்டுக் கல்லைக் கையிலேயே வைத்திருப்பது முறையாகுமா? சொல்லைத் தூய்மை செய்தவர் செயலையும் தூய்மை செய்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் ஒவ்வொருவரும் வீட்டிற்குப் போய்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டு வழக்கங்களை வரிசையாக எண்ணிப் பார்க்க. ஒவ்வொன்றையும் பார்த்து ஏன் என்று கேட்க. விடை சொல்லும் வழக்கத்தைப் பேணுக. விடை சொல்லாத வழக்கத்தை விடுக. வீட்டுப் பிள்ளை ஏன் என்று கேட்டால் அதட்டாதீர்கள். அவனே ஆபுத்திரன். அவன் கடிஞையில் சோறிடுங்கள், கல்லிடாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு! ஒழிக கண்மூடி வழக்கம்!